வேலையில் அடிபட்டால் லீவும் சம்பளமும்: இஎஸ்ஐ பற்றி எல்லோரும் கேட்கும் கேள்விகள்

ஒரு மெஷின் ஷாப்பின் டைம் ஆபீஸில் 11 வருஷம் வேலை பார்த்தேன். பஞ்ச் கார்டு, ஓவர்டைம் கணக்கு, பிஎஃப், இஎஸ்ஐ (தொழிலாளர் அரசு காப்பீடு) எல்லாம் என் மேஜைக்குத்தான் வரும். கையில் கட்டோடு வந்து நின்று "அண்ணே, சம்பளம் வருமா, வேலை இருக்குமா" என்று கேட்டவர்கள் நிறையப் பேர். அவர்களிடம் திரும்பத் திரும்பச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஃபேக்டரி, மில், கடை, ஓட்டல், குடோன் என்று நீங்கள் எங்கே வேலை பார்த்தாலும், சம்பளத்தில் இஎஸ்ஐ பிடிக்கிறார்கள் என்றால் இதில் பெரும்பகுதி உங்களுக்குப் பொருந்தும். இஎஸ்ஐ இல்லாதவர்களுக்கும் கீழே ஒரு பதில் இருக்கிறது.

எனக்கு இஎஸ்ஐ உண்டா இல்லையா, எப்படித் தெரிந்துகொள்வது?

10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடம், உங்கள் மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் (மாற்றுத்திறனாளி என்றால் 25,000 வரை), அப்படியானால் உண்டு. உங்கள் சம்பளத்தில் 0.75 சதவீதம் பிடிப்பார்கள், கம்பெனி தன் பங்காக 3.25 சதவீதம் கட்டவேண்டும். சம்பளச் சீட்டைப் பாருங்கள். பத்து இலக்க ஐபி நம்பர் (காப்பீட்டு எண்) ஒன்று உங்கள் பெயரில் இருக்கும், அதை இன்றைக்கே கேட்டு வாங்கி போனில் சேமித்து வையுங்கள், வீட்டில் இருப்பவர்களிடமும் கொடுத்து வையுங்கள். அடிபட்டுக் கிடக்கும்போது அதைத் தேடிக்கொண்டிருக்க முடியாது. கான்ட்ராக்ட் ஆளாக இருந்தாலும் உண்டு. கான்ட்ராக்டர் கட்டாமல் விட்டால் அதற்குப் பொறுப்பு நீங்கள் வேலை செய்கிற கம்பெனிதான். ஏப்ரல்–செப்டம்பர், அக்டோபர்–மார்ச் என்று ஆறு ஆறு மாதமாகக் கணக்கு வைக்கிறார்கள். நடுவில் சம்பளம் 21,000-ஐத் தாண்டினாலும் அந்த ஆறு மாதம் முடியும்வரை இஎஸ்ஐ தொடரும்.

சேர்ந்து நாலு நாள்தான் ஆகிறது. எனக்குக் கிடைக்குமா?

கிடைக்கும். வேலையில் பட்ட காயத்துக்கு இத்தனை நாள் பணம் கட்டியிருக்கவேண்டும் என்ற நிபந்தனையே கிடையாது, முதல் நாளே அடிபட்டாலும் சரி.

அடிபட்டவுடன் முதலில் என்ன செய்யவேண்டும்?

முதலில் ஆஸ்பத்திரி. ரத்தம் போகிறது, எலும்பு முறிந்திருக்கிறது, கண்ணில் பட்டிருக்கிறது என்றால் இஎஸ்ஐ டிஸ்பென்சரி எங்கே என்று யோசிக்காமல் எது பக்கமோ அங்கே போங்கள், பில்களின் ஒரிஜினலை வைத்துக்கொள்ளுங்கள், அவசர சிகிச்சைக்கான செலவைப் பிறகு இஎஸ்ஐயில் கேட்க வழி இருக்கிறது.

அப்புறம், அங்கே டாக்டர் "எப்படி அடிபட்டது" என்று கேட்பார். அந்தக் கேள்விக்கு நீங்கள் சொல்லும் பதில் அப்படியே ஏஆர் காப்பியிலோ (ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவு நகல்) ஓபி சீட்டிலோ ஏறிவிடும். எந்த இடம், என்ன மெஷின், எத்தனை மணி என்று உள்ளதைச் சொல்லுங்கள். உங்களால் பேச முடியாவிட்டால் கூட வந்தவர் சொல்லட்டும், ஆனால் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பார்க்காமல் அந்தச் சீட்டை மடித்துப் பைக்குள் வைக்காதீர்கள்.

மூன்றாவது, கம்பெனிக்குத் தகவல். வாயால் சொன்னாலே சட்டப்படி போதும், சூப்பர்வைசரிடம் சொன்னாலும் முதலாளியிடம் சொன்ன மாதிரிதான். ஆனால் வாயால் சொன்னதை நாளைக்கு "எங்களிடம் சொல்லவே இல்லை" என்று மறுத்துவிடலாம் இல்லையா, அதனால் ஒரு வாட்ஸப் மெசேஜாவது போட்டு வையுங்கள், "இன்று காலை 10.20-க்கு மூன்றாம் நம்பர் பிரஸ்ஸில் என் இடது கை மாட்டியது" என்று ஒரே ஒரு வரி போதும், அதில் தேதியும் நேரமும் தானாக விழுந்துவிடும். கம்பெனியில் விபத்துப் பதிவேடு என்று ஒன்று இருக்கவேண்டும், படிவம் 11 என்பார்கள், அதில் உங்கள் பெயர் ஏறவேண்டும். பிறகு படிவம் 12, அதாவது ஆக்சிடென்ட் ரிப்போர்ட், அதை இஎஸ்ஐக்கு கம்பெனி அனுப்பவேண்டும். அதன் நகலை ஒன்று கேட்டு வாங்குங்கள். கூட நின்றவர் இரண்டு பேரின் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் ஆறு மாதம் கழித்து அவர்கள் எந்த ஊரில் எந்தக் கம்பெனியில் இருப்பார்கள் என்று யாருக்கும் தெரியாது.

"வீட்டில் அடிபட்டது என்று சொல்லிவிடு, செலவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்கிறார்கள். சரி என்று சொல்லலாமா?

சொல்லாதீர்கள். இந்த ஒன்றை மட்டும் என் வார்த்தையாகக் கேளுங்கள்.

எங்கள் பிரஸ் ஷாப்பில் ஒரு பையன், வயது 22, கான்ட்ராக்ட். இடது கை ஆள்காட்டி விரலின் மேல் கணு போய்விட்டது. சூப்பர்வைசர் நல்ல மனுஷன்தான், கைக்குட்டையைச் சுற்றி பைக்கில் உட்காரவைத்து ஒரு தனியார் கிளினிக்குக்குக் கூட்டிப்போனார், தையல் போட்டார்கள், போகிற வழியிலேயே "கதவில் மாட்டியது என்று சொல்லிடுப்பா, ஆடிட் வருது" என்று சொல்லியிருக்கிறார். பையனும் அப்படியே சொன்னான். மறுநாள் அந்தச் சீட்டை என் மேஜையில் வைத்தான். "வீட்டுக் கதவு இடுக்கில் நசுங்கியது" என்று நீல மையில் எழுதியிருந்தது, ஓரத்தில் காய்ந்த ரத்தம். கையில் 3,000 ரூபாய் கொடுத்து ஒரு வாரம் லீவு என்றார்கள். பத்தாம் நாள் அவனை பேக்கிங்கில் நிறுத்தினார்கள், இரண்டு மாதத்தில் கான்ட்ராக்ட் முடிந்தது என்று அனுப்பிவிட்டார்கள்.

கணக்கைப் பாருங்கள். ஆள்காட்டி விரலில் ஒரு கணு போனால் சம்பாதிக்கும் திறனில் 9 சதவீத இழப்பு என்று சட்டத்தின் அட்டவணையிலேயே இருக்கிறது. அவனுடைய ஒருநாள் சம்பளம் 600 என்றால் அதில் 90 சதவீதம் 540, அதில் 9 சதவீதம் 48 ரூபாய் 60 காசு. தினமும். ஆயுள் முழுக்க. மாதம் ஏறக்குறைய 1,458 ரூபாய், அவன் வேறு எங்கே எவ்வளவு சம்பாதித்தாலும் வந்துகொண்டே இருக்கவேண்டிய பணம். 3,000 ரூபாயை வாங்கிக்கொண்டு அதை விட்டான். அன்றைக்கு எனக்கும் இந்தக் கணக்கு முழுதாகத் தெரியாது. தெரிந்திருந்தால் அன்று சாயங்காலமே அவனைத் திருப்பி அழைத்துப்போய் உள்ளதை எழுத வைத்திருப்பேன். அது இன்னும் என் மனதில் கிடக்கிறது.

நீங்கள் ஏற்கெனவே அப்படிச் சொல்லிவிட்டீர்கள் என்றால் காலம் கடத்தாதீர்கள். இஎஸ்ஐ டாக்டரிடம் போய் நடந்ததைச் சொல்லுங்கள், கிளை அலுவலகத்தில் எழுத்தில் கொடுங்கள், உடன் வேலை செய்தவரின் எழுத்தும் சேருங்கள். நாள் போகப் போகக் கஷ்டம்தான், ஆனால் முதல் வாரத்தில் சரிசெய்த கேஸ்கள் உண்டு.

லீவில் இருக்கும்போது எவ்வளவு பணம் வரும், எத்தனை நாளைக்கு?

உங்கள் சராசரி தினச் சம்பளத்தில் 90 சதவீதம். இதற்குத் தற்காலிக ஊன உதவித்தொகை என்று பெயர். பெயரைக் கேட்டுப் பயப்படவேண்டாம், கை ஆறும்வரை வேலை செய்ய முடியாது என்பதுதான் அதற்கு அர்த்தம். அடிபட்ட நாளைச் சேர்க்காமல் குறைந்தது 3 நாளாவது வேலைக்குப் போகமுடியாத நிலை இருக்கவேண்டும். இத்தனை நாள்தான் என்ற உச்சவரம்பு இல்லை, டாக்டர் ஃபிட் என்று சொல்லும்வரை வரும், நாலு மாதம் ஆனாலும் சரி. பணத்தை இஎஸ்ஐ நேராக உங்கள் பேங்க் கணக்கில் போடும், கம்பெனி கொடுப்பதில்லை. ஆதாரும் பேங்க் விவரமும் ஐபி நம்பரோடு சரியாகச் சேர்ந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள், என் அனுபவத்தில் பாதித் தாமதம் பெயர் எழுத்து மாறியிருப்பதால்தான் வரும்.

சாதாரண சிக் லீவாகப் போட்டாலும் இஎஸ்ஐ பணம் வருமே, என்ன வித்தியாசம்?

பெரிய வித்தியாசம். உடம்புக்கு முடியாமல் போனால் கிடைப்பது 70 சதவீதம், அதுவும் வருஷத்துக்கு 91 நாள் வரைதான், அதற்கு முந்தைய ஆறு மாதக் கணக்கில் 78 நாளாவது பணம் கட்டியிருக்கவேண்டும். வேலை விபத்து என்றால் 90 சதவீதம், நாள் வரம்பு இல்லை, முன் நிபந்தனை இல்லை. இதைவிட முக்கியம், பிற்காலத்தில் விரல் மடங்காமல் போய்விட்டால் நிரந்தர ஊன உதவித்தொகை கேட்க அடிப்படையே இந்த விபத்துப் பதிவுதான். சிக் என்று போட்ட காயத்துக்கு அது கிடைக்காது.

ஈஎல் (சம்பளத்தோடு சேர்த்து வைத்த லீவு) எழுதிக்கொடு, முழுச் சம்பளமும் வந்துவிடும் என்கிறார்கள்.

அன்றைக்கு நல்லதாகத் தெரியும், 90-க்குப் பதில் 100 வருகிறதே என்று. ஆனால் சம்பளத்தோடு லீவு எடுத்த நாளுக்கு இஎஸ்ஐ பணம் கிடையாது, உங்கள் ஈஎல்லும் தீர்ந்துபோகும், காகிதத்தில் நீங்கள் அடிபட்ட ஆளாகவே இருக்கமாட்டீர்கள். ஈஎல் உங்களுடையது, தங்கச்சி கல்யாணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

என்னென்ன காகிதம் வேண்டும்?

இஎஸ்ஐ டாக்டர் முதல் சான்றிதழ் தருவார், லீவு நீண்டால் இடையிடையே சான்றிதழ், கடைசியில் ஃபைனல், அதைத்தான் எல்லோரும் ஃபிட் சர்டிபிகேட் என்கிறோம். இந்தச் சங்கிலி அறுபடக்கூடாது. சொன்ன தேதியில் போய்க் காட்டாமல் நாலு நாள் கழித்துப் போனால் அந்த நாலு நாள் பணத்துக்குச் சிக்கல் வரும். தனியார் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாலும் அங்கே கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு இஎஸ்ஐ டாக்டரிடம் சீக்கிரம் போய்ச் சேருங்கள். எல்லாவற்றையும் போனில் போட்டோ எடுத்து வைக்கவும். கம்பெனிக்கும் ஒவ்வொரு சான்றிதழின் நகலை அனுப்புங்கள், "சொல்லாமல் நின்றுவிட்டான்" என்ற பேச்சுக்கே இடம் இருக்கக்கூடாது.

லீவில் சொந்த ஊருக்குப் போகலாமா?

டாக்டரிடம் கேட்டுவிட்டுப் போங்கள். இந்தப் பணம் வாங்கும் காலத்தில் சிகிச்சையைத் தொடரவேண்டும், அனுமதி இல்லாமல் அந்தப் பகுதியை விட்டுப் போகக்கூடாது, காயம் ஆறுவதைக் கெடுக்கும் எதையும் செய்யக்கூடாது என்று விதி இருக்கிறது. விடுதியில் தங்கி வேலை பார்ப்பவர்களுக்கு, கை உடைந்தபோது சோறு போட அம்மா வீடு வேண்டும்தான், அது டாக்டருக்கும் புரியும். கேட்டு, எழுதி வாங்கி, ஊர்ப் பக்கத்து டிஸ்பென்சரிக்கு மாற்றிக்கொண்டு போங்கள். அங்கே போய் ஆட்டோ ஓட்டுவது, கடையில் உட்காருவது எல்லாம் வேண்டாம், வேலை செய்த நாளுக்குப் பணம் கிடையாது.

தப்பு என் மேல்தான். மெஷினின் கார்டை (பாதுகாப்புத் தடுப்பு) கழற்றிவிட்டு ஓட்டினேன். கேட்க முடியுமா?

முடியும். விதியை மீறி வேலை செய்திருந்தாலும், அது முதலாளியின் வேலைக்காகச் செய்தது என்றால் வேலை விபத்தாகத்தான் கணக்கு. பீஸ் எண்ணிக்கை வரவேண்டும் என்று மேலே இருந்து நெருக்கும்போது சென்சாரை ஆஃப் செய்து ஓட்டுவது எத்தனை ஷாப்பில் நடக்கிறது என்று வேலை பார்ப்பவர்களுக்குத் தெரியும். வெட்கப்பட்டுக்கொண்டு மறைக்காதீர்கள்.

வேலைக்குப் போகிற வழியில் பைக்கில் விழுந்துவிட்டேன்.

2010-இல் கொண்டுவந்த திருத்தத்துக்குப் பிறகு வீட்டிலிருந்து வேலைக்குப் போகும்போதும் திரும்பும்போதும் நடக்கிற விபத்தும் சேரும். நேரம், இடம், சூழ்நிலை மூன்றும் வேலையோடு பொருந்தவேண்டும். எட்டு மணி ஷிப்ட்டுக்கு ஏழரைக்கு வழக்கமான ரோட்டில் விழுந்தால் பிரச்சினை இல்லை. வேறு திசையில் சொந்த வேலையாகப் போய்விட்டு வந்தால் கேள்வி வரும். போலீஸில் பதிவு செய்து அந்தக் காகிதத்தையும், அன்றைய ஷிப்ட் விவரத்தையும் சேர்த்து வையுங்கள். கம்பெனி பஸ்ஸில் போகும்போது நடந்தாலும் உண்டு.

லீவில் இருக்கும்போது வேலையை விட்டு எடுப்பார்களா?

இந்த உதவித்தொகை வாங்கிக்கொண்டிருக்கும் காலத்தில் உங்களை வேலைநீக்கம் செய்யவோ, பதவி இறக்கவோ, தண்டிக்கவோ சட்டம் தடை போடுகிறது. அந்தக் காலத்தில் கொடுத்த நீக்க நோட்டீஸ் செல்லாது. நடைமுறையில் என்ன செய்வார்கள் என்றால், யாரும் நோட்டீஸ் கொடுக்கமாட்டார்கள், ஒரு வெள்ளைத் தாளில் கையெழுத்து கேட்பார்கள், "செட்டில்மென்ட் போட்டுத் தருகிறோம்" என்பார்கள், அது ராஜினாமாவாக மாறிவிடும். கட்டுப் போட்ட கையால் எதிலும் கையெழுத்து போடாதீர்கள். வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படித்துவிட்டுத் தருகிறேன் என்று சொல்லுங்கள்.

லீவு நாள் போனஸ், கிராஜுவிட்டியில் கழியுமா?

கழியாது. வேலை விபத்தால் வராத நாட்களை வேலை செய்த நாட்களாகவே போனஸ் சட்டமும் கிராஜுவிட்டி சட்டமும் எடுத்துக்கொள்கின்றன. ஒரு வருஷம் வேலை செய்ததாக எடுத்துக்கொள்ள 240 நாள் கணக்கு பார்க்கும்போது இது பெரிய விஷயம். லாஸ் ஆஃப் பே என்றோ ஆப்சென்ட் என்றோ மஸ்டரில் (வருகைப் பதிவேடு) போட்டிருந்தால் மாற்றச் சொல்லுங்கள், இது பெரும்பாலும் யாரும் கவனிக்காமல் விடுவது, டைம் ஆபீஸில் இருந்தவன் என்பதால் சொல்கிறேன்.

இன்னும் ஆறவில்லை, ஆனால் "வந்து சும்மா உட்கார்ந்திரு" என்கிறார்கள்.

ஃபைனல் சர்டிபிகேட் கைக்கு வராமல் பஞ்ச் பண்ணாதீர்கள். நீங்கள் சும்மா உட்கார்ந்தாலும் ரெக்கார்டில் அது வேலை செய்த நாள். அன்றைய இஎஸ்ஐ பணம் போகும், அதோடு நீங்கள் குணமாகிவிட்டதற்கு அதுவே சாட்சியாகிவிடும். டாக்டரே ஃபிட் கொடுத்து, ஆனால் கனம் தூக்கக்கூடாது என்று நினைத்தால், அதைச் சான்றிதழில் எழுதித் தரச் சொல்லுங்கள். வாய்ச் சொல்லாக "பார்த்துச் செய்யுங்க" என்று அவர் சொன்னது ஷாப் ஃப்ளோரில் யாருக்கும் கேட்காது. அவசரப்பட்டு ஃபிட் கொடுத்துவிட்டதாகத் தோன்றினால் என்ன வலிக்கிறது, எந்த வேலையில் எப்படிப் பிடிக்கிறது என்று விவரமாகச் சொல்லிப் பாருங்கள், "வலிக்குது சார்" என்று மட்டும் சொன்னால் அவர் என்ன செய்வார்.

விரல் போய்விட்டது, அல்லது மடங்கவே இல்லை. லீவு முடிந்ததும் எல்லாம் முடிந்ததா?

இல்லை. ஃபைனல் சர்டிபிகேட் வாங்கிய பிறகு மெடிக்கல் போர்டுக்கு அனுப்பக் கேட்டு கிளை அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். போர்டு பார்த்துச் சம்பாதிக்கும் திறனில் எத்தனை சதவீத இழப்பு என்று முடிவு செய்யும். முழு ஆள்காட்டி விரல் 14, கட்டைவிரல் 30, மற்றது சரியாக இருக்க ஒரு கண் போனால் 40 என்று அட்டவணை இருக்கிறது. அட்டவணையில் இல்லாத காயத்துக்கும், நரம்பு பிசகியது, மணிக்கட்டு திரும்பவில்லை என்பது போல, போர்டு மதிப்பிடும். அந்த சதவீதப்படி மாதாமாதம் வரும், நீங்கள் அதே கம்பெனியில் அதே சம்பளத்தில் வேலை பார்த்தாலும் வரும். குறைவாகப் போட்டுவிட்டார்கள் என்றால் மருத்துவ மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்கோ இஎஸ்ஐ நீதிமன்றத்துக்கோ போகலாம்.

எனக்கு இஎஸ்ஐ இல்லை. என்ன வழி?

சின்ன பட்டறை, ஐந்தாறு பேர்தான் என்றாலும், கட்டட வேலை என்றாலும், சம்பளம் 21,000-க்கு மேல் என்றாலும் 1923-ஆம் வருஷத்துப் பணியாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் வழி இருக்கிறது (அது இப்போது புதுச் சட்டத்துக்குள் சேர்ந்துவிட்டது, கீழே சொல்கிறேன்). இங்கே பணம் தரவேண்டியது முதலாளி. வேலைக்குப் போகமுடியாத காலத்துக்கு அரை மாதத்துக்கு ஒருமுறை மாதச் சம்பளத்தில் 25 சதவீதம், ஆக மொத்தம் பாதிச் சம்பளம், 5 வருஷம் வரை. முதல் 3 நாளுக்குக் கிடையாது, ஆனால் 28 நாளோ அதற்கு மேலோ நீடித்தால் அந்த 3 நாளும் சேரும். சிகிச்சைச் செலவும் முதலாளியுடையது.

நிரந்தர இழப்பு என்றால் மொத்தமாக ஒரு தொகை. 2020 ஜனவரியிலிருந்து கணக்குக்கு எடுத்துக்கொள்ளும் சம்பளம் அதிகபட்சம் 15,000. உதாரணத்துக்கு 30 வயது, ஒரு கணு போய்விட்டது: 15,000-இல் 60 சதவீதம் 9,000, அந்த வயதுக்கான எண் 207.98, பெருக்கினால் 18,71,820, அதில் 9 சதவீதம் 1,68,463 ரூபாய் சொச்சம். ஒரு கணுவுக்கு இவ்வளவா என்று முதலாளிகள் திகைப்பார்கள், சட்டம் அதுதான். ஒரு மாதத்துக்குள் தராவிட்டால் 12 சதவீத வட்டி, நியாயமான காரணம் இல்லாத தாமதத்துக்கு 50 சதவீதம் வரை அபராதமும் உண்டு. தொழிலாளர் துறையில் இதற்கென ஆணையர் இருக்கிறார், அவரிடம் 2 வருஷத்துக்குள் மனு போடவேண்டும். "இனிமேல் எதுவும் கேட்கமாட்டேன்" என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள் என்றாலும் சோர்ந்துவிடாதீர்கள், உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதிய ஒப்பந்தம் அந்தச் சட்டத்தின்படி செல்லாது.

புதுச் சட்டம் வந்துவிட்டதாமே?

வந்துவிட்டது. சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2020, அது 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்தது, 1948 இஎஸ்ஐ சட்டமும் 1923 சட்டமும் அதற்குள் சேர்க்கப்பட்டுவிட்டன. அதனால்தான் இங்கே பிரிவு எண்கள் எதையும் எழுதவில்லை. மனு போடும்போது இப்போதைய பிரிவு எது என்று கிளை அலுவலகத்திலோ யூனியனிலோ கேட்டுப் போடுங்கள்.

வேலைக்குத் திரும்பி இரண்டு மாதம் ஆகிறது. அதே இடம் மறுபடி வீங்குகிறது.

அதே இஎஸ்ஐ டாக்டரிடம் போய், இது இன்ன தேதியில் நடந்த விபத்தின் தொடர்ச்சி என்று பழைய சான்றிதழைக் காட்டிச் சொல்லுங்கள். அவர் அதை அந்தக் காயத்தின் தொடர்ச்சியாக எழுதினால் மறுபடியும் அதே 90 சதவீதத்தில் லீவு கிடைக்கும். மெடிக்கல் கடையில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு ஷிப்ட்டை ஓட்டாதீர்கள். எங்கள் ஷாப்பில் ஒருவர் அப்படி மூன்று வாரம் ஓட்டினார், உள்ளே போட்ட கம்பி நகர்ந்து, மறுபடி ஆபரேஷன். நல்லவேளையாக பழைய காகிதம் எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு பீரோவில் வைத்திருந்தார், அதை எடுத்துக்கொண்டு நேராக டிஸ்பென்சரிக்குப் போனார், அன்றே சான்றிதழ் கிடைத்தது.